ஹைலி

திருவாரூரில் என் சித்தப்பா பையன் பொறியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். பொங்கலுக்குப் போனபோது அவன் ரெஸ்யூமேவைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னான். ஒரே பக்கம். அதில் மூன்று 'ஹைலி', இரண்டு 'எக்ஸ்ட்ரீம்லி'. ஹைலி மோட்டிவேட்டட், எக்ஸ்ட்ரீம்லி ஹார்ட்வொர்க்கிங்.

"இதையே தமிழ்ல சொல்லேன், பார்ப்போம்" என்றேன். "நான் மிக மிகக் கடினமாக..." என்று ஆரம்பித்துச் சிரித்துவிட்டான். தமிழில் மிகுதியைக் குறிக்கச் சொற்கள் இல்லாமலில்லை. தொல்காப்பியம் உறு, தவ, நனி என்கிறது; நன்னூல் சால, கூர், கழி சேர்த்து ஆறாக்குகிறது. ஆனால் அவற்றை நம்மீதே போட்டுக்கொள்ள நாக்கு கூசுகிறது. ஆங்கிலத்தில் கூசுவதில்லை. நம் அம்மாவின் காதில் விழாத மொழி அது.

இதைத் தற்பெருமை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் 'வெரி'யின் வேர், பழைய பிரெஞ்சில் 'உண்மையான' என்று பொருள்படும் சொல். 'ரியலி'யும் அதே வகை. நாம் 'சத்தியமா' என்கிறோமே, அதுபோல. நம்பமாட்டார்கள் என்ற பயம் உள்ளவன்தான் சத்தியம் செய்வான். பெரிய கல்லூரியில் படித்தவனுக்கு அது தேவையில்லை. கல்லூரியின் பெயரே அவனுக்காகச் சத்தியம் செய்துவிடும்.

எங்கள் ஊர்ப் பெருமை பேசுபவர்கள் கோயில் 5 வேலி, கமலாலயக் குளம் 5 வேலி என்பார்கள். வேலிக்கு 20 மா. 'மிகப்பெரிய' என்ற சொல்லே வேண்டாம். "அளவைச் சொல், அடைமொழி எதுக்கு?" என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். 22 வயதில் அளந்துகாட்ட அவனிடம் என்ன இருக்கிறது? அது 5 வேலி உள்ளவர்களின் அடக்கம்.

"உருப்படியா என்னடா செஞ்சிருக்கே?"

"ஒண்ணுமில்லண்ணே. மூணு வருஷமா அப்பாவோட உரக்கடைக் கணக்கை எக்செல்ல நான்தான் போடறேன்."

"அதை ஏன் எழுதல?"

"அதெல்லாமா எழுதுவாங்க?"

எழுதவைத்தேன். கடைசியில் கேட்டான்: "ஹைலியை எடுத்துட்டா நம்புவாங்களாண்ணே?"

"நம்புவாங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. பத்து வருட அனுபவத்துக்குப் பிறகும், போன மாதம் ஆபீசில் நான் எழுதிக்கொடுத்த சுயமதிப்பீட்டில் இரண்டு 'எக்ஸ்ட்ரீம்லி' இருந்தன.

மற்றதையெல்லாம் அடித்துவிட்டு ஒரு 'ஹைலி'யை மட்டும் விட்டுவைத்தோம்.