செருப்பைக் கழற்றுதல்

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்ற நான் கூசியதே இல்லை. அமெரிக்க விமான நிலையமொன்றில் பூட்ஸைக் கழற்றச் சொன்னபோது கூசினேன்.

2001 டிசம்பரில் ரிச்சர்ட் ரீட் என்பவன் பூட்ஸுக்குள் வெடிமருந்தை மறைத்துக்கொண்டு பாரிஸில் விமானம் ஏறினான். அந்த ஒருவன் வினைக்கு, 2006 முதல் 2025 ஜூலை வரையில் அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லாக் கால்களும் பிராயச்சித்தம் செய்தன. நம் மதுரையிலோ, சந்தேகம் தோன்றினாலொழியக் கழற்றச் சொல்வதில்லை. கடல் தாண்டினால் மாறுகிற விதி என்ன விதி என்று கோபம் வந்தது. முன்னால் ஒரு வெள்ளைக்காரர் ஓட்டைக் காலுறையோடு நிற்பதைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. கோயில் வாசலிலும் அப்படித்தானே? பண்ணையாரும் கழற்றுகிறார், பண்ணையாளும் கழற்றுகிறான்.

ஆனால் பக்கத்தில் இன்னொரு வரிசை இருந்தது. 2011-இல் வந்ததாம். பணம் கட்டி, நம்பத்தக்கவர் என்று பெயர் பதிந்துகொண்டவர்கள் அதில் பூட்ஸோடு நடந்தார்கள். அதைக் கண்டதும் கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் தெரு ஞாபகம் வந்தது.

எங்கள் வயலில் வேலை செய்த கிழவர் ஒருவர், தெரு முனையில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். மறுமுனை போய்த்தான் போட்டுக்கொள்வார். திண்ணையில் என் பாட்டனார் செருப்புக் காலை ஆட்டிக்கொண்டிருப்பார். தாழ்த்தப்பட்டவர்களைச் செருப்பணிய விடாமல் தடுப்பது குற்றம் என்று, 2015-இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில்கூட வெளிப்படையாக எழுத வேண்டியிருந்தது.

சித்திரை வெயிலில் ஒருநாள், "ஏன் கழற்றினாய்?" என்று அவரைக் கேட்டேன். ஆம், ஒருமையில்தான்.

"மண்ணு எம்புட்டுச் சுடுதுன்னு பாக்குறேன் சாமி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.