சொல்லிக்காட்டும் சோறு

பசித்தவனுக்குச் சோறிட்டவன் மறுநாளே அதைச் சொல்லிக்காட்டினால் இட்ட சோறு என்னவாகும்? நம் இல்லத்துப் பெரியவர்கள் முகஞ்சுளித்தே இதற்கு விடை சொல்லிவிடுவார்கள். சொல்லிக்காட்டுவது ஓர் அரசியல் கட்சியாயின், நாம் முகஞ்சுளிப்பதில்லை; கைதட்டுகிறோம்.

1967 பொதுத் தேர்தலில் தி.மு. கழகம், ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது. அரிசித் தட்டுப்பாட்டால் மக்கள் நொந்திருந்த வேளை. பெருந்தலைவர் காமராசர் சொந்த ஊரான விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். ஆட்சிக்கு வந்தபின் ஒரு படித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிற்று. மாநிலம் முழுமைக்கும் அது விரியவில்லை.

நேசமணி அவர்களின் மறைவால் நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதி காலியாக, 1969 சனவரி இடைத்தேர்தலில் காமராசர் இங்கு நின்றார். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார். 'கவர்ச்சிக்கு மயங்காத மண் எங்கள் குமரி மண்' என்று நம்மவர் இன்றும் பெருமை பேசுவதுண்டு. நாம் அவ்வளவு தூரம் செல்லத் துணியோம். 1906 முதல் பேச்சிப்பாறை நீர் பாயும் நாஞ்சில் நாட்டிலும், வயலுடையவரும் அதில் கதிரறுப்பவளும் அரிசி விலையை ஒரே காதால் கேட்பதில்லை. விலை கேட்டு வாக்களித்த ஏழையை மயங்கியவன் என்பது, உண்டு முடித்தவன் பேச்சு.

எனில் கவர்ச்சி அரசியலின் குற்றம் எங்கே இருக்கிறது? கொடுப்பதில் இல்லை என்பதே நம் எண்ணம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவை, எம்.ஜி.ஆர். 1982 சூலை 1 முதல் சத்துணவாக விரித்தபோது, 'வெறும் கவர்ச்சித் திட்டம். பண விரயம்' என்று கற்றோர் பலர் ஏளனம் செய்தனர். 2001இல் உச்ச நீதிமன்றமோ, அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டது. அதே சோறுதான், கணக்கு மாறிவிட்டது. அதுவரை பிள்ளை கடன்பட்டிருந்தது. அன்றுமுதல் அரசு கடன்பட்டது. செல்வத்தில் ஏழைக்குள்ள பங்கை 'உரிமை' என்றே கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய கணக்கன்று.

உரிமையைக் கொடையென்று பேர்மாற்றி, வாங்கியவனின் வாயை அடைப்பதே குற்றம். 'மக்கள் என்றால் நானே. என்னைக் கேள்வி கேட்பவன் மக்களுக்குப் பகைவன்' என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது. இது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவின் சாம்பியாவில், வரி குறையும், வேலை பெருகும், கையில் காசு புழங்கும் என்று சொல்லி மைக்கேல் சாட்டா 2011இல் ஆட்சியைப் பிடித்தார். செம்புச் சுரங்கச் செல்வம் தம்மை எட்டாத நகர்ப்புற ஏழைகள் அவரை நம்பியதில் பிழையில்லை. அவர் 2014இல் காலமானார். 2021இல் அந்நாட்டு வாக்காளரே அவருடைய கட்சியை இறக்கினர். வாங்கிய பின்னும் கேட்கும் வாய் அவர்களிடம் இருந்தது.

நம்மிடம்? 2011 முதல் தமிழகத்தில் நியாயவிலைக் கடை அரிசிக்கு விலையில்லை. அண்மையில் நம்மூர்க் கடையில் ஒரு மூதாட்டி பையைப் பிரித்துப் பார்த்து, 'கல்லும் குருணையுமாக இருக்கிறதே' என்றார். 'சும்மா கிடைப்பதற்கு இவ்வளவு பேச்சா?' என்று ஓர் அதட்டல். மூதாட்டி பையை முடிந்துகொண்டு நகர்ந்தார். அதட்டியவர் கடைக்காரர் அல்லர். வரிசையில் அவருக்குப் பின்னால், தம் பையோடு நின்றவர்.