எதிரேறாத ஏடுகள்

பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே சற்றுத் தூரம் போனால் திருமழிசை. அந்த ஊரில் அவதரித்த ஆழ்வார், தாம் பாடியவற்றையெல்லாம் கும்பகோணத்தில் காவிரியில் விட்டுவிட்டார் என்கிறது வைணவ மரபு. மற்றவை வெள்ளத்தோடு போய்விட, நான்முகன் திருவந்தாதியின் 96 பாட்டும் திருச்சந்த விருத்தத்தின் 120 பாட்டும் மட்டும் நீரை எதிர்த்து அவரிடமே திரும்பி வந்தனவாம். சைவத்திலும் இதற்கு இணை உண்டு. சம்பந்தர் வைகையில் இட்ட ஏடு எதிரேறித் திருவேடகத்தில் ஒதுங்கியது. தில்லையில் பூட்டிக்கிடந்த தேவாரச் சுவடிகளைப் புற்று மூடியிருக்கக் கண்டு சோழ மன்னன் கலங்கி நின்றபோது, இக்காலத்துக்கு வேண்டியவை எஞ்சியிருக்கின்றன என்று அசரீரி எழுந்தது. இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த மனத்தில் ஒரு நம்பிக்கை தானாகவே ஊறிவிடுகிறது: எது எஞ்சியதோ அதுவே எஞ்சத் தக்கது, போனது போகட்டும், தேர்ந்தெடுத்தவன் நம்மைவிடப் பெரியவன். அப்படியானால் யாரும் கேட்காத பழைய நூலைக் கறையானிடமிருந்து காப்பாற்றுவதற்கு என்ன நியாயம்? இறை நம்பிக்கை உள்ளவர் அதை எதன் பேரில் செய்வார்?

திருமழிசை இருக்கும் சென்னையின் இதே மேற்குப் புறநகரில், அம்பத்தூரை ஒட்டிய முகப்பேரில், 1994இல் இந்தக் கேள்விக்கு ஒரு விடை கட்டடமாக எழுந்தது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அங்கேதான் தொடங்கியது. தரமணிக்குப் போனது பிற்பாடு. காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா செட்டியார், ஓவியராகத் தொழில் செய்தவர். நூல்களும் இதழ்களுமாகக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் உருப்படிகளைத் தேடித் தேடிச் சேர்த்துவிட்டு 1992இல் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. மைக்ரோஃபிலிம் பிரதிகள் கடல் கடக்கலாம், மூலங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு; மொழி அறக்கட்டளை நூலகத்தை அமைக்கும் பொறுப்பை ஏற்றது. அந்தச் சேகரத்தில் இலக்கணமும் புராணமும் இருந்தன. அவற்றோடு நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ், சமையல் நூல், வைத்திய நூல் எல்லாமும் இருந்தன. எதிரேறும் ஏடு எது, ஏறாதது எது என்று அந்த மனிதர் ஆற்றிடம் கேட்கவில்லை. நூலகமும் கேட்கவில்லை. இந்தக் கேளாமைதான் சமய நோக்கிலும் உயர்ந்தது என்பது என் வாதம்.

அதை நிறுவ, நூலகத்தின் பின்னறையில் நடக்கும் வேலையைக் கூர்ந்து பார்க்கவேண்டும். வாசகர் கண்ணில் படுவது வாசிப்பறை. அதற்குப் பின்னால் நூலைப் பெறுவது, பூச்சியும் தூசியும் நீக்குவது, பட்டியலிடுவது, படமெடுப்பது என்று நீளும் பணியை நூலகத்தார் தொழில்நுட்பப் பிரிவு என்பார்கள். பட்டியலிடும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு பழைய புத்தகத்தின் முகப்பில் விரோதி வருடம் ஆனி மாதம் என்று அச்சிட்டிருக்கிறது; ஆங்கில ஆண்டு இல்லை. அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெயர் அது. 1829ஆ, 1889ஆ, 1949ஆ? இந்தியர் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடை 1835இல்தான் நீங்கியது என்பதால் முதலாவது பெரும்பாலும் விலகும். மற்ற இரண்டில் எது என்று அறிய, அச்சகத்தின் பெயரைப் பார்க்கவேண்டும், எழுத்துருவைப் பார்க்கவேண்டும், தாளின் நிறத்தை, விலையைக் குறித்த முறையை, பின்னட்டை விளம்பரத்தைப் பார்க்கவேண்டும். ஒருவழியாக 1889 என்று முடிவுக்கு வந்தாலும் அதை அப்படியே எழுதிவிட விதி இடம் தராது. நூல் சொல்லாத செய்தியைச் சதுர அடைப்புக்குள் இடவேண்டும். ஐயம் இருந்தால் அருகிலேயே கேள்விக்குறி போடவேண்டும். நூல் சொன்னது இது, நான் ஊகித்தது இது என்று கோடு பிரித்துக் காட்டும் இந்தச் சிறிய குறியில் பெரிய அடக்கம் இருக்கிறது. தான் நீதிபதி இல்லை, சாட்சி என்று ஒருவர் தன்னை நிறுத்திக்கொள்ளும் இடம் அது. கந்தபுராணத்துக்கும், கொலைச் செய்தியைப் பாடும் மலிவுச் சிந்துக்கும் அதே அடைப்பு, அதே கேள்விக்குறி.

சாட்சி ஏன் நீதிபதியாகக் கூடாது? நம் நீதி அடிக்கடி தவறியிருக்கிறது என்பது முதல் காரணம். சென்னைக் குஜிலிச் சந்தைக் கடைகளில் விற்ற சிந்துகளையும் ‘பெரிய எழுத்து’க் கதைகளையும் கற்றறிந்தோர் குப்பையாகத்தான் எண்ணினார்கள். 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அப்படித் தரம் பார்க்கவில்லை; அச்சானது எதுவானாலும் அரசிடம் பதிவாகவேண்டும் என்றது. ஆட்சியாளர்களுக்கு அதில் கண்காணிப்பு நோக்கம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் பதிவாலும் முத்தையா போன்றவர்களின் பிடிவாதத்தாலும் பிழைத்த தாள்களிலிருந்துதான் ஆ. இரா. வேங்கடாசலபதி போன்ற ஆய்வாளர்கள் முச்சந்தி இலக்கியம் என்றே ஒரு துறையை எழுப்ப முடிந்தது. ரயில் வந்தபோதும் வெள்ளம் வந்தபோதும் எளிய மக்கள் என்ன பாடினார்கள் என்பதை உயர்ந்த நூல்கள் நமக்குச் சொல்லவே இல்லை.

இது வரலாற்றாசிரியரின் நியாயம், பக்தனின் நியாயம் ஆகாது என்று ஒருவர் மறுக்கலாம். ஆழ்வாரே தம் பாடல்களை ஆற்றில் விட்டிருக்க, தாளைக் கட்டி அழுவானேன் என்றும் கேட்கலாம். கதையைத் திரும்பப் படிப்போம். ஆழ்வார் விட்டது தம் பாட்டை. தன்னுடையதைத் துறப்பது துறவு. பிறர் விட்டுப்போனதைக் கைவிடுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. திரும்பி வந்த 216 பாட்டும் அதன்பின் காவிரியை நம்பி இருக்கவில்லை. தொலைந்த பிரபந்தத்தை நாதமுனிகள் தேடித் தொகுத்தார் என்றும் அதே மரபுதான் சொல்கிறது. மனப்பாடம் செய்தவர்களும் படியெடுத்தவர்களும் இல்லாமல் அவை நம்மை எட்டியிரா. தில்லைக் கதையிலும் அசரீரிக்கு முன்னால் மன்னனின் துயரம் வருகிறது. அந்த ஆறுதல், கதவைத் திறந்து எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்தவனுக்குக் கிடைத்தது. கதவைத் திறக்காமல் இருந்தவர்கள் அதில் பங்கு கேட்க முடியாது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, ஆறுதலை முன்னே வைத்தால் என்ன ஆகும் என்பதை உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் பதிந்திருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழஞ்சுவடிகளைத் தேடிப் போனவரிடம், அவற்றை நெய்யில் தோய்த்து ஆகுதியாக நெருப்பில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பகையால் செய்யவில்லை, முறைப்படி செய்தார்கள். அங்கே எரிந்தவை என்னென்ன என்று சொல்ல ஒரு பட்டியல்கூட இல்லை. இந்த இழப்பை இறைவனின் தேர்வு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நம் கவனக்குறைவுக்கு அவன் பெயரை இடுவது பக்தி ஆகாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: சேர்ப்பதே பற்று, பற்றுதானே தளை? இதற்கு விடையைப் பற்றின்மையில் யாரினும் கடுமையான சமணரிடமே பெறலாம். உடைமை கொள்ளாமையை விரதமாக வைத்த அவர்கள், உணவு, மருந்து, அபயம் ஆகியவற்றோடு சாத்திரத்தையும் தானங்களில் ஒன்றாக வைத்தார்கள். ஏடு எழுதித் தருவது புண்ணியம். தனக்கென்று வைத்தால்தான் உடைமை. இன்னும் பிறக்காத வாசகருக்காக வைத்தால் அது கொடை. சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கத் திணறிய சாமிநாதையருக்குக் கும்பகோணத்துச் சமணர்கள் அந்தக் கொடையைத்தான் அளித்தார்கள். சைவச் சூழலில் வளர்ந்த அவர் 1887இல் அந்தச் சமணக் காப்பியத்தை அச்சேற்றினார். அடைப்புக்குறியில் கண்ட அதே அடக்கம் இங்கேயும் வேலை செய்திருக்கிறது.

எல்லாவற்றையும் வைக்க இடம் ஏது, பணம் ஏது என்பது நியாயமான கவலை. மரக்கூழ்த் தாள் தன் அமிலத்தாலேயே பழுத்து நொறுங்குகிறது. குளிரூட்டலுக்கு மின்கட்டணம் ஏறுகிறது. எதை முதலில் படமெடுப்பது என்று நூலகம் தேர்ந்துதான் ஆகவேண்டும். ஆனால் தாளின் நைவையும் வேறெங்கும் பிரதி உண்டா என்பதையும் பார்த்துத் தேர்வது ஒன்று. கருத்தைப் பார்த்துத் தேர்வது வேறொன்று. இரண்டாவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அருட்பாச் சண்டை போதும். 1867இல் ராமலிங்க அடிகளின் திருவருட்பா வெளிவந்தபின், அது அருட்பா அன்று, மருட்பா என்று ஆறுமுக நாவலர் தரப்பு எழுந்தது. 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. கண்டனமும் மறுகண்டனமுமாகத் துண்டுப் பிரசுரங்கள் பல ஆண்டுகள் கொட்டின. வசை மிகுந்த அந்தத் தாள்களை இருதரப்பு அடியார்களும் அழியட்டும் என்று விட்டிருந்தால் குறை சொல்ல முடியாது. விடாமல் வைத்தவர்கள் இருந்ததால்தான் ப. சரவணன் அவற்றைத் திரட்டி ஒரே நூலாக்க முடிந்தது. இன்று அதைப் புரட்டுகிறவர், வள்ளலாரை வணங்குகிறவராக இருந்தாலும் நாவலர் தரப்பு சொன்னதை அதன் சொல்லிலேயே கேட்டாகவேண்டும். நாவலரைப் போற்றுகிறவர் அடுத்த பக்கத்தில் மறுகண்டனத்தைக் கேட்டாகவேண்டும்.