திருக்கழுக்குன்றமும் புள்வரவும்

தொண்டை நன்னாட்டுத் திருக்கழுக்குன்றத்தை வணங்கி மீள்வோருட் சிலர், "கழுகு வருதல் நின்றுவிட்டதே, மலையின் மகிமையும் குன்றிற்றோ?" என வினவுகின்றனர். இவ்வையம் சிறிதென்று தள்ளற்பாலதன்று. இறைவன் ஓரிடத்து விளங்குமாறு யாது என்னும் சித்தாந்தப் பொருளையே அது தொட்டு நிற்கின்றது.

குன்று ஏறத்தாழ 500 அடி உயரமே உடையது. மறையே மலையாயிற்று என்னும் கொள்கையால் வேதகிரி எனப்படும். உச்சியில் வேதகிரீசுவரர், அடிவாரத்து ஊரிற் பக்தவத்சலேசுவரர். முன்னாளில் நாடோறும் உச்சிப்போதில் இரு வெண்பாறுகள் வந்து, தேசிகர் பாறைமேல் இட்ட சர்க்கரைப் பொங்கலை உண்டு சென்றன. பிணந்தின்னும் புள் அன்னம் அருந்தி அகன்ற அக்காட்சி கண்டார் நெஞ்சை உருக்கியதில் வியப்பில்லை. 1990ஆம் ஆண்டுகளின் இறுதியில் அது நின்றது.

இனி விடை கூறுதும். சிவஞானபோதம் 12ஆஞ் சூத்திரம் மெய்யடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே வழிபடுமாறு விதித்தது. எங்கும் நிறைந்த முதல்வன் ஏனையிடங்களிற் பாலில் நெய்போல் மறைந்தும், அவ்விரண்டிடத்துத் தயிரில் நெய்போல் விளங்கியும் நிற்பன் என்பது மெய்கண்டார் துணிபு. அவ்விளக்கத்திற்குப் புள்வரவு ஏதுவாக ஓதப்பட்டிலது. அவ்வூர்ச் சங்குதீர்த்தத்தையே நோக்குக. ஆங்கு 12 ஆண்டிற்கொருமுறை சங்கு தோன்றும் என்பர். இடைப்பட்ட ஆண்டுகளில் அது தீர்த்தமாகாது ஒழியுமோ? கல்வெட்டும் இதற்குத் துணையாம். கந்தசிஷ்யன் என்னும் மன்னன் அளித்த நிலக்கொடையை வாதாபி கொண்ட நரசிங்கவர்மன் காத்து நடத்தினான். முதலாம் ஆதித்த சோழன் தன் 27ஆம் ஆட்சியாண்டில் அதனைப் புதுப்பித்தான். அக்கொடை மூலஸ்தானத்துப் பெருமானுக்கு, புள்ளிற்கன்று.

அற்றேல், புள் ஒழிந்தது எதனால்? பாரத நாடெங்கும் அக்காலத்தே பாறுகள் பெருவாரியாக மடிந்தன. மாடுகளின் நோவு தணிக்க இட்ட டைக்ளோஃபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் ஊன்வழிச் சென்று பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தமை 2004இல் வெளியாயிற்று. 2006இல் அரசு அதனைக் கால்நடைக்கு விலக்கிற்று. கழுக்குன்றத்துப் புள்ளையும் அவற்றோடு எண்ணுதற்கு இடமுண்டு. ஆகலின் குறை பதியின்பாலதன்று, உயிர்களாகிய நம்பாலதே. நாம் செய்த வினைக்கு மலையைப் பழித்தல் முறையன்று.

புள் காணாமையின் மலையேறாது மீள்வாரும் உளர். அவர்க்கு ஒன்று கூறுவோம். வாதவூரடிகள் இத்தலத்தின்மேல் அருளிய பதிகம் திருவாசகத்துள் உளது. அதனை ஓதிப் படியேறுக. இழியும்போது பல்லவர் குடைந்த ஒருகல் மண்டபத்தைக் காணாது செல்லற்க. 17ஆம் நூற்றாண்டில் வந்த ஒல்லாந்தர் அதன் கல்லில் தம் பெயர்களைப் பொறித்துப் போயினர். தூணிற் பெயர் கீறும் ஆசை நம்மவர்க்கே உரியதென்று எண்ணியிருந்தோம்!