யாருடைய முதல்?

செல்வம் கொழிக்கும் தேசங்களில் பசிக்கு இடமில்லை என்று எண்ணுவோர் நம்மிற் பலர். பிரிட்டனைப் பாருங்கள். அங்கே 2024 மார்ச்சில் முடிந்த ஓராண்டில், ட்ரஸ்ஸல் என்னும் அறநிலையத்தைச் சேர்ந்த உணவு வங்கிகள் மட்டும் 31 இலட்சத்துக்கு மேற்பட்ட உணவுப் பொட்டலங்களை வழங்கின. அவற்றுள் 11 இலட்சத்துக்கு மேற்பட்டவை குழந்தைகளின் பொருட்டு வழங்கப்பட்டவை. மழை பொய்த்ததா? கப்பல் வராது நின்றதா? கடைகளில் பண்டம் மலைபோற் குவிந்து கிடந்த ஆண்டு அது.

இந்த 'வங்கி' என்னும் பெயர் வந்த வரலாறு கேட்கத்தக்கது. அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரில் ஏழைகட்கு உணவளிக்கும் தொண்டில் ஈடுபட்டிருந்தவர் ஜான் வான் ஹெங்கல். பலசரக்குக் கடையின் பின்புறத்துக் குப்பைத் தொட்டியிலிருந்து தன் மக்களுக்கு உணவு பொறுக்கிய தாயொருத்தியை அவர் சந்தித்தார். வீணாகும் உணவைப் போட்டு வைக்கவும், வேண்டுவோர் எடுத்துக்கொள்ளவும் வங்கிபோல் ஓரிடம் இருத்தலாகாதா என்று அவள் கேட்டாளாம். அக்கேள்வியிலிருந்து 1967-இல் முதல் உணவு வங்கி பிறந்தது.

நிற்க. பணவங்கியில் போட்டவனே எடுக்கிறான். தன் கணக்கைக் காட்டித் தலைநிமிர்ந்து எடுக்கிறான். உணவு வங்கியிலோ போடுபவன் ஒருவன், எடுப்பவன் மற்றொருவன். எடுக்கச் செல்வோன் பிரிட்டனில் பெரும்பாலும் ஒரு சீட்டுக் கொண்டுசெல்ல வேண்டும். இவர் பசியால் வாடுகிறார் என்பதற்கு மருத்துவரோ, பள்ளியாரோ, சமூகநல ஊழியரோ சான்றாக அளிக்கும் சீட்டு அது. பெறுவது மூன்று நாளைய உணவு: டின்னில் அடைத்த பீன்ஸ், சூப், மீன், காய், பழம், இவற்றோடு பாஸ்தா, அரிசி, நெடுநாள் கெடாத பால். பசுங்கீரையும் புதுக்காயும் அரிது. நீரிழிவுக்காரர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும், கிடைத்ததையே உண்ண வேண்டும். அடுப்பெரிக்கக் காசில்லாதவர்க்கென, வெந்நீர் மட்டும் ஊற்றி உண்ணத்தக்க பொட்டலங்களும் தனியே கட்டப்படுகின்றன. இதை எழுதுகையில் கை கூசுகிறது.

"உழைக்காத சோம்பேறிகள்" என்று சொல்லிக் கடந்துபோவோர் எந்நாட்டிலும் உளர். வேலைக்குப் போய்வரும் வீட்டாரும் அங்கே வந்து நிற்கின்றனர் என்பதை அவர் அறியார். வாடகையும் மின்சாரமும் கூலியை விழுங்கிவிடுகின்றன. வேலையற்றோர்க்கும் குறைந்த கூலிக்காரர்க்கும் அரசாங்கம் தரும் யூனிவர்சல் கிரெடிட் என்னும் உதவித்தொகையோ, விண்ணப்பித்து ஏறக்குறைய ஐந்து வாரம் சென்றபின்னரே முதன்முறை கைக்கு வரும். அதுவரை முன்பணம் கேட்கலாம். கேட்டால் அது கடன், பின்னர் மாதந்தோறும் பிடித்தம். முன்பணத்தின் சுவையைத் தோட்டப்புறத்தார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுமோ?

ஆகவே, போடாதவன் எடுக்கிறான் என்பது மெய்தானா? பேருந்து ஓட்டியவன், முதியோரைக் குளிப்பாட்டியவள், கிடங்கில் மூட்டை சுமந்தவன், இவர்கள் தம் உழைப்பை அந்நாட்டின் செல்வத்தில் போட்டவர்களல்லரோ? தாம் போட்ட முதலில் ஒரு துளியைத் திரும்பப் பெறுவதற்கு நன்றி கூறித் தலைகுனிய வேண்டுவது ஏன்?

தொண்டர்களை நாம் பழிக்கவில்லை. இன்றிரவு பசித்திருக்கும் பிள்ளைக்கு நாளைய சட்டம் சோறாகாது. வங்கியை மூடு என்போன் கொடியன். விற்காத உணவைப் பெருங்கடைகள் அழிக்கலாகாதென 2016-இல் பிரான்ஸ் தேசம் செய்த சட்டமும் நன்றே. ஆயினும், அது கடையில் மிஞ்சியதிலிருந்து தொடங்கும் கணக்கு. பசித்தவன் வயிற்றிலிருந்து தொடங்குவதன்று.

வயிற்றிலிருந்து தொடங்கினால் என்னாகும் என்பதற்கும் பிரிட்டனிலேயே சான்று உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரலில், மேற்சொன்ன உதவித்தொகையை அரசாங்கம் வாரத்துக்கு 20 பவுன் உயர்த்தியது. அதற்கு முந்திய ஆண்டில், அத்தொகையைப் பெறுவோருள் அடுத்த வேளை உணவுக்கு உறுதியற்றவர் நூற்றுக்கு 43 பேர். உயர்த்திய ஆண்டில் 27 பேர். அவ்வாண்டு புதிதாய்ச் சேர்ந்தோருட் பலர் அவ்வளவு வறியரல்லர் என்பதும் இதற்கு ஒரு காரணமாகலாம். அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அந்த 20 பவுனுக்குச் சான்றுச் சீட்டு எதுவும் கேட்கப்படவில்லை. கீரையோ மீனோ அவரவர் வேண்டியதை அவரவரே கடையில் வாங்கினர்.

2021 அக்டோபரில் அத்தொகை நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டில் விலைவாசியும் ஏறியது. பொட்டலக் கணக்கு 31 இலட்சத்தை எட்டியது அதன் பின்னர்தான்.