வெண்மையின் விலை

அழகு என்பது யாருக்காக? உடையவருக்காகவா, பார்ப்பவருக்காகவா? இவ்வினாவைச் சான்றோர் பலர் பலவாறு ஆராய்ந்துள்ளனர். கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய கைக்கு அத்தகைய பேராராய்ச்சி ஏலாது. ஆயினும் பாணேரில் மாலை வேளையில் உலாவச் செல்லும் எவருக்கும் இவ்வினா நாயின் வடிவில் எதிர்ப்படாமல் இராது.

1997இல் புனே மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரை பாணேர் ஒரு சிற்றூர். துகாய் குன்றின் அடிவாரத்தில், வயல்களும் ஆட்டுப்பட்டிகளுமாக இருந்த இடங்களில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஊர் நாய்கள் தெருவில் இருக்க, மாடிகளில் வேறு நாய்கள் குடியேறியுள்ளன. பனிநிலத்தில் சறுக்குவண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கி நாய், இரட்டை மயிர்ப் போர்வையோடு, ஏப்ரல் மாத வெயிலில் மின்தூக்கியிலிருந்து இறங்கி வருகிறது. அதற்காகப் பகல் முழுதும் குளிரூட்டி ஓடுகிறது. வேளைக்கு உணவு கொட்ட ஒரு கருவி; அது உண்டதா உறங்கியதா என்று காண உத்தரத்தில் ஒரு காமிரா. ஹிஞ்ஜேவாடியில் கணிப்பொறிமுன் அமர்ந்திருக்கும் இளைஞர் கைப்பேசியில் அதைக் கண்டு மகிழ்கிறார். வீட்டைக் காக்க நாய் வைத்தனர் முன்னோர். நாயைக் காக்க வீட்டில் கண் வைக்கின்றனர் இன்றையோர்.

இதைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் அயலார் நாயைக் கண்டு நகைக்குமுன் நம் நாட்டு நாயிடம் நாம் நடந்துகொண்ட முறையை எண்ணிப் பார்த்தல் நன்று.

இராசபாளையம் நாயை அறியாத தமிழர் இலர். 2005ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இந்திய அஞ்சல்துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய ஆட்டுநாய், இராம்பூர் வேட்டைநாய், முதோல் வேட்டைநாய் ஆகியவற்றோடு இராசபாளையமும் அவற்றுள் ஒன்று. 2020இல் நாட்டின் பதிவு பெற்ற நாய் இனங்களுள் சிப்பிப்பாறையோடு அதுவும் இடம்பெற்றது. உயர்ந்த உடல், ஒடுங்கிய இடை, பால்போன்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு. கண்காட்சிக் களத்தில் அது வந்து நின்றால் நம் நெஞ்சம் விம்முகிறது. புனேயில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளிடம், "இது நம்ம ஊர் நாய்" என்று சொல்வதில் ஒரு பெருமிதமும் உண்டு.

அவ்வெண்மைக்கு ஒரு விலை உண்டு என்பதுதான் ஈண்டு நாம் சொல்லவந்த செய்தி. இவ்வினத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது வளர்ப்போர் அறிந்த ஒன்று. அதன் காரணம் விளங்காத மறைபொருள் அன்று. தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் நுண்ணுயிரணுக்கள் உட்செவியிலும் உள்ளன. அங்கே அவற்றின் வேலை நிறம் தருவது அன்று. ஒலியை உணரும் மெல்லிய அணுக்கள் உயிரோடிருக்கத் துணைசெய்வதே. நிற அணுக்கள் அங்குச் சென்று சேராவிடின், குட்டி பிறந்த சில வாரங்களுக்குள் அவ்வுணர்வணுக்கள் மாய்கின்றன. பின்னர் எந்த மருந்தாலும் அவை மீளா. எல்லா வெள்ளை நாய்களும் செவிடல்ல. வெண்மை பல வழிகளில் வருவது. ஆனால் மூக்கு முதற்கொண்டு நிறமே இருத்தலாகாது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கும்போது, கண் கேட்கும் விலையைச் செவி கொடுத்துத் தீர்க்கிறது. வெள்ளையில் கரும்புள்ளியிட்ட டால்மேஷியன் இனத்தை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பத்தில் மூன்று நாய்களுக்கு ஒரு செவியோ இருசெவிகளுமோ கேட்கவில்லை என்று கண்டனர்.

வேட்டைக்கும் காவலுக்கும் நாய் வளர்த்தவர்களும் நல்லநாய் எது என்று தெரிந்தெடுத்தே வளர்த்தனர். ஆனால் அங்கே தேர்வாளர் வேறு. புதரில் பன்றி அசையும் ஓசை கேளாத நாய் வேட்டையில் நில்லாது. இருளில் வேலி தாண்டுவோன் அடியோசை கேளாத நாயால் தோட்டத்துக்குப் பயனில்லை. தொழிலே சோதித்தது. 1859இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் தொடங்கி உலகெங்கும் பரவிய கண்காட்சி முறையில் சோதிப்பவர் நடுவர். அவர் பல்லைப் பார்ப்பார், முதுகைத் தடவுவார், நடையைக் காண்பார். செவியின் அமைப்புக்கு மதிப்பெண் உண்டு. அது கேட்கிறதா என்று பின்னின்று அழைத்துப் பார்க்க அங்கு வழியில்லை.

கண்காட்சிகளைப் பழிப்பதற்கன்று இதைச் சொல்வது. பரிசும் பதிவும் இல்லையேல் நம் நாட்டினங்கள் சில பெயரளவில்கூட எஞ்சியிரா என்பதே நம் கருத்து. ஆனால் பிறநாட்டினர் இதனை ஆராய்ந்து பார்க்கத் துணிந்தனர். 2008இல் பிபிசி தொலைக்காட்சி, பரிசு பெற்ற நாய்களின் பிறவி நோய்களை ஒரு படத்தில் வெளிப்படுத்தியது. பல்லாண்டுகளாகத் தானே ஒளிபரப்பி வந்த கிரஃப்ட்ஸ் கண்காட்சியை அடுத்த ஆண்டு முதல் கைவிட்டது. அந்நாட்டுக் கழகமும் இனத் தர விதிகளைத் திருத்த முற்பட்டது. திருத்தம் போதுமா என்பது வேறு.

நாயிடம் நடந்த இது நம் வீட்டுக் கூடத்திலும் நடந்திருக்கிறது. 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தினர் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதில்லை. மரப்பெட்டி, அதன் முகத்தில் துணி போர்த்திய பெரிய ஒலிபெருக்கி. அதை வாங்கச் சென்றவர் கேட்டது "குரல் எப்படி?" என்பதே. கட்கியிலும் தேஹு ரோடிலும் படைத்துறைத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த தமிழ்க் குடும்பங்களுக்குக் காலை ஏழேகால் மணிக்கு டில்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியே சொந்த ஊர். 2022இல் மறைந்த சரோஜ் நாராயணசுவாமி அவர்களின் குரலை நம் அன்னையர் அடுப்படியிலிருந்தே அறிவர், முகத்தை அறியார். அறிய வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

செவிவழி வந்ததெல்லாம் வாய்மை என்று கொள்ளுதல் கூடாது. 1984 அக்டோபர் 31 அன்று காலையில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். மறைந்த செய்தியை நம் வானொலி மாலையில்தான் அறிவித்தது. அதற்குள் அயல்நாட்டு வானொலி கேட்டவர்கள் அறிந்துவிட்டனர். 1957இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட லைக்கா என்னும் மாஸ்கோ தெருநாய் சில நாள் உயிரோடிருந்தது என்றுதான் உலகம் கேட்டது. சில மணி நேரத்திலேயே வெம்மை தாங்காது இறந்தது என்னும் உண்மை 2002இல்தான் வெளிவந்தது. ஆகவே வானொலிக் காலத்தைப் பொற்காலம் என்று போற்றப் புகவில்லை. அன்று ஐவர் ஓரிடத்தில் அமர்ந்து ஒன்றைக் கேட்டனர். கேட்டபின் ஒருவரையொருவர் கேட்டனர். சொல்லத்தக்கது அதுவே.

1972இல் பம்பாயில் தொலைக்காட்சி நிலையம் தொடங்க, அடுத்த ஆண்டே சிங்ககட் மலையிலிருந்து புனேக்கும் ஒளி வந்தது. பிறகு வண்ணம் வந்தது. அதன்பின் பெட்டி மெலியத் தொடங்கியது. இன்று கடையில் தொலைக்காட்சி வாங்குவோர் எத்தனை அங்குலம் என்கின்றனர், எவ்வளவு மெல்லியது என்கின்றனர். சுவரில் சித்திரம்போல் ஒட்டியிருக்கவேண்டும் என்னும் ஆசைக்காக ஒலிபெருக்கியைச் சிறிதாக்கி, அடியிலோ பின்புறத்திலோ ஒளித்து வைத்தனர். ஒலி சுவரையும் தரையையும் நோக்கிப் பேசுகிறது. எழுபது வயது மூதாட்டிக்குச் செய்தி வாசிப்பவரின் வாயசைவு தெரிகிறது; சொல் தெரியவில்லை. "சத்தமா வைப்பா" என்கிறார். சத்தம் கூடுகிறது, சொல் தெளியவில்லை. பிள்ளைகள் தத்தம் செவியில் சிறு கருவி செருகிக்கொண்டு கைப்பேசியில் வேறொன்றைப் பார்க்கின்றனர். பாட்டிக்குச் செவி மந்தம் என்று வீட்டில் முடிவாகிவிடுகிறது. குறை பாட்டியிடமா, பெட்டியிடமா என்று சோதித்தவர் யார்? கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் பிறந்த குடியில் இது நிகழ்கிறது!

நாயைத் தொழிலுக்கு வளர்ப்பதும் தன்னலந்தானே, அதில் என்ன அறம் என்று கேட்பார் உளர். தகுந்த கேள்வி. 1993 மார்ச் 12இல் பம்பாயில் தொடர் வெடிகள் 257 உயிர்களைக் குடித்த நாட்களை நம்மில் பலர் மறந்திரார். அப்போது மும்பைக் காவல்துறையின் ஜஞ்சீர் என்னும் லாப்ரடார் நாய் மூவாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட வெடிமருந்தை மோந்து காட்டிற்று. அது பயிற்சி பெற்றது இதே புனேயில். 2000இல் எலும்புப் புற்றுநோயால் இறந்தபோது காவல்துறை மரியாதையுடன் அடக்கம் செய்தனர். அந்நாயும் தன் விருப்பத்தால் அப்பணிக்கு வந்ததன்று. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. அதன் மூக்கு நலமா, செவி நலமா, இன்று சோர்ந்திருக்கிறதா என்று நாள்தோறும் அறியாமல் அதனைப் பணிகொள்ள இயலாது. உழைப்புக்கு வளர்ப்பவன் உயிரை முழுதும் அறிய வேண்டியவனாகிறான். காட்சிக்கு வளர்ப்பவனுக்கு மேற்புறம் போதும். அறியாமையே இங்குக் கொடுமையின் வாயில்.

இனி, நம் குடியிருப்பில் நிகழ்ந்த ஒன்று. இராசபாளையத்தை அடுத்த ஊரினர் ஒருவர், பணி ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருப்பவர், ஊரிலிருந்து ஒரு குட்டியை வரவழைத்தார். பிழையற்ற வெண்மை, மூக்கு தாமரை இதழ் போன்றது. குடியிருப்பே திரண்டு பார்த்தது. இரு வாரங்கள் கழித்து, அழுத்தக் கொப்பரை சீழ்க்கையடித்தும் அது விழிக்கவில்லை என்பதை வீட்டு அம்மையார் கண்டார். மருத்துவர் சோதித்து, இரு செவிகளும் கேளா என்றார்.

மகன் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். அவரைக் கல்நெஞ்சர் என்று எண்ண வேண்டா. "பழுதான பொருளைத் திருப்பிக் கொடுப்பது வாங்குகிறவர் உரிமைதானே அப்பா? நாம் வைத்துக்கொண்டால், விற்றவர் அதே இணையை மறுபடியும் சேர்ப்பார். இன்னும் பத்துக் குட்டிகள் இப்படிப் பிறக்கும்" என்பது அவர் வாதம். அதில் நேர்மை உண்டு. பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "திருப்பினால் அதை என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியும்டா" என்றார்.

இருவரும் நம்மிடம் கருத்துக் கேட்டனர். அண்டை வீட்டார் என்னும் முறையில் நாம் சொன்னது இது. தொலைக்காட்சிப் பெட்டி பழுதானால் அது செய்தவன் பிழை. இக்குட்டியின் செவியோ நாம் கேட்ட நிறத்துக்காகப் போனது. வாங்குவோர் வெண்மை கேட்டனர். விற்பவர் வெண்மை கொடுத்தார். நடுவில் வாய்திறந்து மறுக்க இயலாத ஓர் உயிர் விலை கொடுத்தது. கேட்டவர்களே இதைப் பழுது என்று சொல்லித் தள்ளுவது முறையாகுமா? எனினும் மகன் சொன்ன பத்துக் குட்டிகளும் கற்பனையல்ல. ஆகவே நாயை வைத்துக்கொள்வதோடு கடமை தீராது, விற்றவருக்கும் தெரிவித்தாக வேண்டும்.

அவ்வாறே செய்தனர். பணம் திருப்பிக் கேட்கவில்லை. அவ்விணையை இனிச் சேர்க்க வேண்டா என்று மட்டும் வேண்டினர். விற்றவர் தொலைபேசியில் கூறிய விடை நம்மைச் சிந்திக்க வைத்தது. மூக்கில் கருநிறம் சிறிது விழுந்த குட்டியைப் பாதி விலைக்கும் கேட்பாரில்லை, செவி கேட்குமா என்று இதுவரை ஒருவரும் வினவியதில்லை என்றாராம். அவரைக் குற்றவாளி என்று முடித்துவிட நம்மால் இயலவில்லை. செவியைச் சோதிக்கக் கருவி உண்டு. மூளைக்குச் செல்லும் மின்னதிர்வை அளந்து ஒவ்வொரு செவியாகச் சொல்லிவிடும். அக்கருவிக்கு ஆகும் செலவை யார் தருவார் என்று அவர் கேட்டால் அதற்கும் வாங்குவோர் பக்கமிருந்தே விடை வரவேண்டும்.

குட்டி இப்போது வளர்ந்துவிட்டது. அம்மையார் தரையைக் காலால் ஒருமுறை தட்டினால் அவ்வதிர்வில் திரும்பிப் பார்க்கும். உள்ளங்கையை விரித்தால் அமரும். விரலை வளைத்தால் வரும். தெருவில் வாரைக் கழற்றி விடுவதில்லை. பின்னால் வரும் வண்டியை அது அறியாதல்லவா? உறங்கும்போது திடீரெனத் தொட்டால் வெருண்டு கடிக்கக்கூடும் ஆதலால், முகத்தருகே கையை நீட்டி மணத்தை முதலில் அறியச் செய்கின்றனர். இத்தனையும் அந்த வீட்டுப் பேத்தி கற்றிருக்கிறாள். பாட்டியிடமிருந்து கற்க வேண்டியிருந்ததால், நாள்தோறும் அரைமணி நேரம் செவிக்கருவியைக் கழற்றி வைக்கிறாள்.

கோடை விடுமுறையில் ஊர் செல்லும் நம் அன்பர்கள் சிலர் குட்டி வாங்கி வரக் கருதியிருக்கலாம். குட்டி பிறந்து ஐந்து வாரமேனும் ஆகட்டும். உடன்பிறந்தவற்றிலிருந்து தனியே பிரித்து, அது உறங்கும்போதோ முதுகு காட்டி நிற்கும்போதோ, காற்றும் நிழலும் படாத தொலைவிலிருந்து சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். ஒரு செவி மட்டும் கேட்கும் குட்டியை இச்சோதனையால் கண்டறிய இயலாது. இரண்டும் கேளாததைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். மூக்கின் நிறத்தைப் பற்றி வினவுமுன் தாய் தந்தை நாய்களின் செவியைப் பற்றி வினவுங்கள். விற்பவர் காதில் அக்கேள்வி ஓர் ஆண்டில் பத்துமுறை விழட்டும்.