வெளிச்சத்தின் கடன்

சுன்னாகத்தில் ஆறு இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்குமே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் ஓடிக் கோடையில் வறளும் வழுக்கையாறு ஒன்றுதான் ஆறென்று பேர் சொல்ல இருக்கிறது. அணைக்கட்டையும் நீர்த்தேக்கத்தையும் நாங்கள் பாடப்புத்தகத்தில்தான் பார்த்தோம். ஆனாலும் என் சிறுவயதில் எங்கள் வீட்டு மின்குமிழ் எரிந்தபோது, "இது லக்சபான கரண்ட்" என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். லக்சபான எங்கே இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. அந்த வெளிச்சத்துக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்றும் கேட்டதில்லை. இப்போது அறுபதைத் தாண்டிய வயதில் கேட்கிறேன்.

மலையகத்து ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் ஓர் ஆய்வுரையில் எடுத்துச் சொன்னார். லக்சபான மின்நிலையம் 1950 இல்தான் இயங்கத் தொடங்கியது. பின்னர் களனி கங்கையின் தலையாறுகளில் ஒன்றான கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ நீர்த்தேக்கம் வந்தது. மற்றொன்றான மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கம் வந்தது. உயரத்தில் தேக்கிய நீரைச் சுரங்கக் குழாய் வழியே இறக்கி, அதன் வேகத்தால் சுழலிகளைச் சுற்றவைக்கிறார்கள். ஒரு நிலையத்தில் வேலை செய்து முடித்த அதே நீர் கீழேயுள்ள அடுத்த நிலையத்திலும் வேலை செய்கிறது. நீர் குறைவதில்லை, புகை இல்லை, சாம்பல் இல்லை. இதைவிடச் சுத்தமான வெளிச்சம் ஏது என்றுதான் எவருக்கும் தோன்றும்.

ஆனால் மவுசாகலை நீரின் அடியில் ஓர் ஊர் கிடக்கிறது. அது பழைய மஸ்கெலியா. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அங்கிருந்த கோவிலின் கற்கட்டும், விகாரையினதும் பள்ளிவாசலினதும் எச்சங்களும் வெளியே தெரிகின்றன. மக்கள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். மழை பெய்ததும் ஊர் மறுபடி மூழ்கிவிடுகிறது. மேட்டில் புதிய நகரம் கட்டிக் கொடுத்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பலர் அந்நாளில் பிரசாவுரிமையே இல்லாதவர்கள். அவர்களுடைய சம்மதத்தை யார் கேட்டிருப்பார்கள்? அவர்கள் மலையில் பிறந்த மின்சாரம் கம்பி வழியே நாடெங்கும் போனது. அதன் பிறகும் நீண்ட காலம் எத்தனையோ லயன் காம்பராக்களில் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது.

1990 இல் யுத்தத்தால் அந்தக் கம்பி அறுந்தது. குடாநாடு இருண்டது. ஜாம் போத்தலில் திரியிட்டு, மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாய் மிச்சம் பிடித்துப் பிள்ளைகள் படித்த காலம் அது. அவ்வாண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது நானும் சோனகத் தெருவிலிருந்து புத்தளத்துக்குப் போனேன். பல வருடங்களுக்குப் பின்னர் திரும்பி வந்தபோது, சுன்னாகத்தில் எண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கிகள்தான் எங்களுக்கு வெளிச்சம் தந்துகொண்டிருந்தன. 2013 இல் கிளிநொச்சி வழியாக நாட்டின் மின்கட்டமைப்போடு மீண்டும் இணைக்கப்பட்டோம்.

அதற்குள் இன்னொன்று நடந்துவிட்டிருந்தது. எங்கள் மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மழை அதன் வெடிப்புகளால் இறங்கி, கீழேயுள்ள உப்பு நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. எங்களுக்கு ஆறும் அதுதான், நீர்த்தேக்கமும் அதுதான். மேலே எதை ஊற்றினாலும் அது கீழே போகும். சுன்னாகத்திலும் சுற்றுப்புறத்திலும் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தது. 2015 இன் தொடக்கத்தில் சனங்கள் வீதிக்கு இறங்கினார்கள். பவுசரில் வந்த தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்றார்கள். தென்னிலங்கைச் சூழலியல் ஆர்வலர் ஒருவர் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனமே நிலத்தடி நீர் மாசுக்குப் பொறுப்பென்றும், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கவேண்டுமென்றும் சொன்னது.

அந்த 2015 இல் நான் சொன்ன ஒரு வார்த்தைதான் இதை எழுத வைக்கிறது. சுன்னாகத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கிணறும் கெட்டுப்போயிற்று. ஒருநாள் அவர் மனம் நொந்து பேசிக்கொண்டிருந்தபோது, "என்ன மாஸ்டர் செய்கிறது? குடாநாடு முழுக்க இருட்டில் கிடந்தபோது வெளிச்சம் தந்தது அந்த நிலையம்தானே. பெரிய நன்மைக்காகச் சிலபேர் கொஞ்சம் பொறுக்கத்தான் வேணும்" என்றேன். ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை. "தம்பி, உங்களையும் இப்படி ஒரு பெரிய காரியத்துக்காகத்தானே எழும்பிப் போகச் சொன்னவை" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என்னை வீட்டைவிட்டு வெளியேற்றிய அதே நியாயம் என் வாயிலிருந்து, தேநீர் குடிக்கும் சாவகாசத்தோடு வந்திருந்தது.

பெரும்பான்மையின் நன்மைக்காகச் சிலர் இழப்பது தவறா? தவறு என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அணை இல்லாமல், மின்நிலையம் இல்லாமல் வைத்தியசாலை இயங்காது. இருட்டும் ஒரு தீங்குதான்; அதை நாங்கள் அனுபவித்திருக்கிறோம். ஆனால் தன்னுடையதை ஒருவர் விட்டுக் கொடுப்பது வேறு, பிறருடையதை நாம் எடுத்துக் கொடுப்பது வேறு. முன்னது தியாகம். பின்னதையும் தியாகம் என்று அழைக்கும் இடத்தில்தான் பொய் நுழைகிறது. பழைய மஸ்கெலியா தியாகம் செய்தது என்று நான் சொன்னால், அங்கிருந்தவர்களின் வாயால் நான் பேசுகிறேன். அதற்கு எனக்கு உரிமை இல்லை.

நீரும் புல்லும் நெருப்பும் மனிதர் எல்லோருக்கும் பொது என்ற கருத்தமைந்த நபிமொழியை நாம் அறிவோம். பொது என்பதால் எடுத்துக்கொள்ளலாம் என்று வசதியாக விளங்கிக்கொள்கிறோம். பொது என்றால் பங்கு என்றும் பொருள். நெருப்பை எனக்கும் நீரிழப்பை அவனுக்கும் பிரித்துவிட்டு அதைப் பொது என்று சொல்ல முடியாது. அடியார்களின் ஹக்கு விடயத்தில், உரியவர் மன்னிக்காதவரை கடன் தீராது என்றும் படித்திருக்கிறோம். முகம் தெரியாத ஓர் ஊரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

தூரம்தான் காரணம் என்று ஒருகாலம் எண்ணியிருந்தேன். மஸ்கெலியா எங்கே, யாழ்ப்பாணம் எங்கே. எகிப்தில் அஸ்வான் உயர் அணைக்காக நூபிய மக்கள் தம் ஊர்களை விட்டுப் போனார்கள். அபூசிம்பல் கோவிலை உலகமே சேர்ந்து துண்டுதுண்டாய் அறுத்து மேட்டில் ஏற்றிக் காப்பாற்றியது. அந்தக் கோவிலை அறிந்த நாம் நூபியரை அறியாமற் போனதற்குத் தூரத்தைச் சாட்டலாம். ஆனால் சுன்னாகம் என் வீட்டிலிருந்து அரை மணிநேரப் பயணம். கிணறு கெட்டவர் என் சிநேகிதர். அப்போதும் நான் அப்படித்தான் பேசினேன். ஆகவே குற்றம் தூரத்தில் இல்லை. கிடைத்ததை எண்ணிப் பார்க்கிறவன், அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

சுவிச்சை அணைத்துவிடு என்று நான் யாருக்கும் சொல்லவில்லை, நானும் அணைக்கவில்லை. மூன்று காரியங்கள் நம்மால் முடியும் என்று நினைக்கிறேன். இழந்தவர்களுக்கு அந்த நன்மை முதலில் போய்ச் சேரவேண்டும் என்று கேட்பது ஒன்று. லயன் காம்பராவுக்குப் பிறகுதான் என் முறை வந்திருக்கவேண்டும். என் கிணறாக இருந்தால் சம்மதிப்பேனா என்று கேட்காமல் பொதுநன்மை என்ற சொல்லை வாயில் எடுக்காதிருப்பது இரண்டாவது. இழப்பீடு கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது என்று எண்ணாதிருப்பது மூன்றாவது. நீதிமன்றம் நட்டத்துக்குத்தான் விலை போடுகிறது. தலைமுறையாய் நம்பி அள்ளிக் குடித்த நீரை இனி முகர்ந்து பார்த்துத்தான் குடிக்கவேண்டும் என்ற நிலைக்கு அது விலை போட முடியாது.

சென்ற மாதம் மாஸ்டரிடம் போனேன். அன்று சொன்னதை மன்னிக்கச் சொன்னேன். அவருக்கு அது நினைவில் இருந்தது. "நான் அப்பவே விட்டிட்டன் தம்பி. ஆனால் மஸ்கெலியாச் சனத்திட்டை ஆர் போய்க் கேட்கிறது?" என்றார். மாலையாகிவிட்டதால் எழுந்துபோய் விறாந்தை விளக்கைப் போட்டார். இருவரும் அந்த வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.